இரங்கலுரை போதும், இனி வாசிப்போம்

எம்மவர் மத்தியில் பேராசிரியர் ஒருவர் காலமானால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்றே ஜனாஸா அறிவித்தல் வரும். அடுத்த வாரம் பத்திரிகையொன்றில் அரைப்பக்கக் கட்டுரை வரும். பிறந்த ஊர், படித்த பாடசாலை, வகித்த பதவிகள், பெற்ற பட்டங்கள், சென்ற நாடுகள் எல்லாம் அதில் இருக்கும். பின்னர் ஒரு மண்டபத்தில் நினைவுக் கூட்டம் நடக்கும். பேச வருபவர்களுள் பாதிப் பேர் மறைந்தவருடன் தாம் தேநீர் அருந்திய கதையைச் சொல்வார்கள். மீதிப் பேர் அவரைத் தமக்கு அறிமுகம் செய்துவைத்தவரின் கதையைச் சொல்வார்கள். அவர் எழுதிய நூல்களைப் பற்றி எவரேனும் வாய் திறப்பதற்குள் லுஹருக்குப் பாங்கு சொல்லிவிடும். துஆவுடன் கூட்டம் நிறைவுபெறும்.

இந்த ஒழுங்கில் துஆவைத் தவிர வேறெதுவும் மறைந்தவருக்குப் பயன்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் இறந்ததும் அவரது அமல்கள் நின்றுவிடுகின்றன, மூன்றைத் தவிர என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். அந்த மூன்றுள் ஒன்று பயன்தரும் அறிவு. ஓர் ஆய்வாளர் விட்டுச்சென்ற அறிவு பயன்தர வேண்டுமாயின் அதை யாராவது வாசிக்க வேண்டும், கற்பிக்க வேண்டும், பிழையிருந்தால் திருத்த வேண்டும். நாமோ அந்த வாசலை அடைத்துவிட்டு வாசற்படியில் நின்று புகழுரை வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் பல்கலைக்கழகம் சென்றவனல்லன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, மாவனல்லைப் பிரதேசத்துக் கிராமப் பாடசாலையொன்றில் இருபது வருடமாகத் தமிழ் கற்பித்து வருபவன். பேராசிரியர்களைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். பேராசிரியர்களின் எழுத்து பல்கலைக்கழக மதிலைத் தாண்டி வருமாயின் அது வந்து சேர வேண்டிய இடம் எங்கள் வகுப்பறைதான். வந்து சேரவில்லை என்று முறையிடும் தகுதி எனக்கு நிச்சயமாக உண்டு.

இறந்த அறிஞர்களை எவ்வாறு பதிவு செய்வது என்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்த சமூகங்களுள் ஒன்று எம்முடையது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர்களை ஆராய்வதற்கென்றே ஒரு துறை வளர்ந்தது. ஒருவர் எங்கே பிறந்தார், யாரிடம் கற்றார், யாருக்குக் கற்பித்தார், அவரது ஞாபகசக்தி எத்தகையது, முதுமையில் தடுமாறினாரா, எப்போது இறந்தார் என்பனவெல்லாம் அங்கே விசாரிக்கப்பட்டன. குறைகளையும் நிறைகளையும் எடைபோடும் அம்முறைக்கு ஜர்ஹ், தஃதீல் என்று பெயர். இறந்தவரின் குறையைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று கருதி அந்த இமாம்கள் மௌனம் காக்கவில்லை. அறிவு விடயத்தில் அவர்களுக்கு முகத்தாட்சண்யம் இருக்கவில்லை.

1282இல் டமஸ்கஸில் காலமான இப்னு கல்லிகானின் 'வபயாத்துல் அஃயான்' என்ற வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியத்தை மத்ரஸாக்களில் ஓதியவர்கள் அறிவார்கள். பெயரே 'முக்கியஸ்தர்களின் மரணங்கள்' என்று பொருள்படுவது. எண்ணூறுக்கும் மேற்பட்டோரைப் பற்றி அதில் எழுதினார். இறந்த திகதியைத் தேடிக் கண்டறிவதை ஒரு நிபந்தனையாகவே வைத்துக்கொண்டார். அந்தக் களஞ்சியத்தில் கிறிஸ்தவ மருத்துவரும் மொழிபெயர்ப்பாளருமான ஹுனைன் இப்னு இஸ்ஹாக்குக்கு இடமுண்டு. ஹர்ரான் நகரத்து ஸாபியான கணித அறிஞர் ஸாபித் இப்னு குர்ராவுக்கும் இடமுண்டு. 'இவர் நம்மவரா?' என்ற கேள்வியை இப்னு கல்லிகான் கேட்டிருந்தால் இவர்கள் இருவரும் வெளியே நின்றிருப்பார்கள்.

இன்று எமது நினைவுக் கட்டுரைகளில் முதலில் கேட்கப்படுவது அந்தக் கேள்விதான். தமிழர் வெளியிடும் நினைவு மலரில் முஸ்லிம் ஆய்வாளர் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக வருவார். அதைக் கண்டு நாம் கோபப்படுவோம். பிறகு நாம் ஒரு மலர் போடுவோம். அதில் தமிழர், சிங்களவர், வெள்ளைக்காரர் எவரும் வரமாட்டார்கள். எவர் எமக்காக உழைத்தார், எவருடைய உழைப்பு எமக்கு வேண்டியிருக்கிறது என்ற கணக்கு இரண்டு மலரிலும் இல்லை.

இதை நான் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. கனடாவில் வாழ்ந்து மறைந்த மூன்று பேராசிரியர்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கனடா என்றதும் எம்மவருக்கு நினைவு வருவது குளிரும் விசாவும்தான். ஆனால் எம் மார்க்கத்தையும் எம் நாட்டின் அரசியலையும் எம் மொழியின் இலக்கியத்தையும் பற்றிக் காத்திரமாக எழுதிய மூவர் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்தார்கள். மூவரும் முஸ்லிம்களல்லர். மூவரைப் பற்றியும் எமது சிற்றேடுகளில் ஒரு முழுக் கட்டுரையை நான் வாசித்ததில்லை.

முதலாமவர் வில்ஃப்ரட் கான்ட்வெல் ஸ்மித். 1916இல் ரொறன்ரோவில் பிறந்து 2000 பெப்ரவரியில் அதே நகரில் காலமானவர். கிறிஸ்தவ மதகுருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். 1940களின் முற்பகுதியில் லாஹூரில் கற்பித்தார். இந்தியாவின் நவீன இஸ்லாத்தைப் பற்றிய அவரது முதல் நூல் 1943இல் அங்கேதான் வெளிவந்தது. இடதுசாரிப் பார்வையில் எழுதப்பட்ட அந்நூலின் நிலைப்பாட்டிலிருந்து அவரே பின்னாளில் விலகினார். அல்அஸ்ஹரின் சஞ்சிகையை ஆராய்ந்து பிரின்ஸ்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1950களின் தொடக்கத்தில் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கை நிறுவனத்தை நிறுவினார். பின்னர் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் உலக சமயக் கற்கை நிலையத்தின் பணிப்பாளரானார்.

இந்தப் பதவிப் பட்டியலோடு நிறுத்தினால் நானும் எமது வழமையான இரங்கலுரையைத்தான் எழுதியவனாவேன். ஸ்மித் என்ன செய்தார் என்பதே கேள்வி. மக்கிலில் அவர் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார். ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் முஸ்லிம்களாக இருக்க வேண்டும் என்பதே அது. ஒரு சமயத்தைப் பற்றி வெளியாள் சொல்லும் கூற்றை அச்சமயத்தைப் பின்பற்றுவோர் 'ஆம், இது எங்களைப் பற்றியதுதான்' என்று ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் அக்கூற்று செல்லாது என்பது அவர் வகுத்த அளவுகோல். மேற்குலகின் வகுப்பறைகளில் முஸ்லிம் ஆராயப்படும் பொருளாக மாத்திரம் இருந்த காலம் அது. அப்போது அவனை மேசையின் மறுபக்கத்தில் ஆசிரியனாக அமரவைத்தவர் இவர். ஃபஸ்லுர் ரஹ்மானும் இஸ்மாயீல் ராஜி அல்ஃபாரூக்கியும் மக்கிலில் பணியாற்றியவர்கள். இந்தோனேசியாவின் சமய விவகார அமைச்சராகப் பின்னர் விளங்கிய முக்தி அலியும், அந்நாட்டின் இஸ்லாமிய உயர்கல்வியைச் சீரமைத்த ஹாரூன் நசூத்தியோனும் அங்கே கற்றவர்கள்.

ஃபாரூக்கியின் பெயரை எமது மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஃபஸ்லுர் ரஹ்மானை ஏற்பவரும் மறுப்பவரும் எம்மிடையே உண்டு. அவர்கள் வந்துபோன அந்த நிறுவனத்தைக் கட்டியவரின் பெயர் மாத்திரம் எமக்குத் தெரியாது. 1957இல் வெளிவந்த அவரது நவீன வரலாற்றில் இஸ்லாம் பற்றிய நூலில் நாம் ஏற்கமுடியாத முடிவுகள் உண்டு. ஏற்கமுடியாதவற்றுக்குப் பதில் எழுதுவது அறிஞனுக்குச் செய்யும் மரியாதை. அதற்கு முதலில் நூலைத் திறக்க வேண்டும்.

இரண்டாமவர் ஏ. ஜெயரத்தினம் வில்சன். 1928இல் பிறந்தவர். கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டினால் வரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியராக இருந்தவர். 1972இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 2000 மே மாதம் ரொறன்ரோவில் காலமானார். தந்தை செல்வாவின் மருமகன் என்றால் பலருக்கு உடனே விளங்கும். அப்படி மட்டுமே விளங்குவதுதான் பிரச்சினை.

எங்கள் கேகாலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சிறுபான்மையினர். தேர்தல் வந்தால் மாவனல்லைத் தேநீர்க் கடைகளில் விகிதாசாரத்தையும் விருப்பு வாக்கையும் பற்றி விடிய விடியக் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு கட்சிக்கு எத்தனை சதவீதம் வேண்டும், எம் வேட்பாளர் பட்டியலில் எத்தனையாவதாக வருவார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்வார்கள். இந்த முறையின் அத்திவாரம் 1978இன் அரசியலமைப்பு. அந்த அரசியலமைப்பைப் பிரான்சின் ஜனாதிபதி முறையோடு ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்த நூலை 1980இல் வெளியிட்டவர் வில்சன். வெளியே நின்று பார்த்து எழுதியவருமல்லர். 1978 முதல் 1983 வரை ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு ஆலோசகராக இருந்தவர். மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்காக 1979இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவில் நீலன் திருச்செல்வத்துடன் உறுப்பினராக இருந்தவர்.

அந்த அரசியலமைப்பின் மூல வடிவத்தில் ஒரு தேர்தல் மாவட்டத்தில் எட்டிலொரு பங்கு வாக்கைப் பெறாத கட்சிக்கு ஆசனம் இல்லை. சிதறி வாழும் ஒரு சிறுபான்மைக்கு இதன் பொருள் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1988இன் பதினைந்தாவது திருத்தம் அந்த வரம்பை இருபதிலொரு பங்காகக் குறைத்தது. இதற்காக வாதாடிய எம்.எச்.எம். அஷ்ரஃப் 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள அரநாயக்கவின் ஊரகந்த மலையில் ஹெலிகொப்டர் விபத்தில் காலமானார். ஆண்டுதோறும் செப்டெம்பரில் அவரை நினைவுகூருகிறோம். நினைவுகூர வேண்டியதுதான். ஆனால் அவர் மாற்றுவதற்குப் போராடிய விதி எப்படி உருவானது, யார் உருவாக்கினார்கள், அதன் பின்னாலிருந்த அரசியல் என்ன என்று அந்த மேடைகளில் யாராவது விளக்கி நான் கேட்டதில்லை. அதை விளக்குவதற்கு உதவும் நூல்களை எழுதியவர் அதே ஆண்டில், நான்கு மாதம் முன்னதாக இறந்தார். அவரை நாம் கவனிக்கவேயில்லை.

வில்சனை வாசிக்கும் முஸ்லிம் வாசகனுக்கு அவருடன் சண்டை பிடிக்கவும் காரணங்கள் இருக்கும். இலங்கையின் பிளவைப் பற்றி 1988இலும், செல்வநாயகத்தைப் பற்றி 1994இலும், இலங்கைத் தமிழ்த் தேசியத்தைப் பற்றி 2000இலும் அவர் நூல்கள் எழுதினார். 'தமிழ் பேசும் மக்கள்' என்ற தொடருக்குள் எம்மையும் சேர்த்துக்கொண்ட கட்சி தமிழரசுக் கட்சி. 1956 தேர்தலில் அக்கட்சியின் சார்பில் கிழக்கில் முஸ்லிம்களும் வெற்றி பெற்றார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் நடந்தது என்ன என்று ஆராயப் புகும் எம் இளைஞர் எவரும் வில்சனின் நூல்களைத் தவிர்த்துவிட முடியாது. எம்மை அவர் எந்த இடத்தில் வைத்தார், எங்கே விட்டுவிட்டார் என்று பக்கம் பக்கமாகக் காட்டி ஒரு விமர்சனம் எழுதினால் அதுவே அவருக்கான சிறந்த நினைவுக் கட்டுரையாக இருக்கும். 'தமிழ்த் தேசியவாதிதானே' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவதற்கு எந்த உழைப்பும் தேவையில்லை.

மூன்றாமவர் செல்வா கனகநாயகம். உயர்தர வகுப்பில் தமிழ் கற்ற எவரும் வி. செல்வநாயகத்தின் 'தமிழ் இலக்கிய வரலாறு' நூலைக் கையிலெடுக்காமல் பரீட்சைக்குப் போயிருக்க மாட்டார்கள். 1951இல் வெளிவந்த அந்நூலின் ஆசிரியருடைய மகன்தான் இவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்துவிட்டுக் கனடா சென்று, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியரானார். கனடிய ரோயல் சங்கத்தின் உறுப்பினராக ஏற்கப்பட்ட அதே நாட்களில், 2014 நவம்பர் 22ஆம் திகதி காலமானார்.

1993இல் வெளிவந்த அவரது நூல் சியால்கோட்டில் பிறந்த எழுத்தாளர் ஸுல்ஃபிகார் கோஸின் படைப்புகளைப் பற்றியது. இலங்கைத் தமிழ் எழுத்துகளை ஆங்கிலத்தில் தொகுத்து 2001இல் வெளியிட்டார். சேரனின் கவிதைகளை மொழிபெயர்த்து 2011இல் வெளியிட்டார். உலகத் தமிழ்க் கவிதைகளின் தொகுப்பொன்றை 2013இல் கொண்டுவந்தார். ரொறன்ரோவில் 2006இல் தொடங்கிய தமிழியல் மாநாட்டை நடத்தியவர்களுள் ஒருவராகவும் இருந்தார். 2001இன் தொகுப்பை வெளியிட்ட ரொறன்ரோப் பதிப்பகம் கிழக்காபிரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர் எம்.ஜி. வஸ்ஸான்ஜியும் நூர்ஜஹான் அஸீஸும் நடத்தியது. ஈழத்துத் தமிழ் எழுத்து ஆங்கில வாசகனிடம் போய்ச் சேர்ந்த பாதையில் இப்படி முஸ்லிம் பெயர்களும் நிற்கின்றன. எம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இத்தகைய தொகுப்புகளைக் கையிலெடுத்ததும் எம்மவர் செய்யும் முதற் காரியம் முஸ்லிம் பெயர்களை எண்ணுவது. எண்ணிக்கை குறைந்தால் புறக்கணிப்பு என்று எழுதுவது. புறக்கணிப்பு நடப்பதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளன் மேசையில் எமது நல்ல கவிதைகளையும் கதைகளையும் ஆண்டு, இதழ் விபரத்துடன் தொகுத்து வைத்தவர் யார்? அத்தகைய தொகுப்பை ரொறன்ரோவுக்கு அனுப்பிவிட்டு, அது உதாசீனம் செய்யப்பட்டது என்று முறையிடும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கனகநாயகம் இருந்தபோது நாம் அதைச் செய்யவில்லை. அவர் இறந்த பின் அவரது முறையைக் கற்றுக்கொள்ளவும் முயலவில்லை.

எனக்கு வரக்கூடிய மறுப்புகள் தெரிந்தவைதாம். 'வெள்ளைக்காரக் கீழைத்தேயவாதியை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்?' என்று ஒரு சாரார் கேட்பார்கள். 'எமது அறிஞர்களே மறக்கப்பட்டிருக்க, கனடாக்காரருக்கு ஏன் இத்தனை பக்கம்?' என்று இன்னொரு சாரார் கேட்பார்கள். 'ஆங்கில நூல்களை ஊர்ப் பிள்ளைகள் எப்படி வாசிப்பார்கள்?' என்று மூன்றாம் சாரார் கேட்பார்கள்.

முதலாவதுக்கு விடை மேலே வந்துவிட்டது. நான் கேட்பது புகழ் மாலையல்ல. வாசிப்பும் விசாரணையும்தான். மூன்றாவதுக்கும் விடை எளிது. வாசிக்க முடியாவிட்டால் மொழிபெயர்க்க வேண்டும். எம் சமூகத்தில் ஆங்கிலத்திலும் அரபியிலும் பட்டம் பெற்றவர்களுக்குக் குறைவில்லை. ஒருவர் ஆண்டுக்கு ஓர் அத்தியாயம் மொழிபெயர்த்தால் கை தேய்ந்துவிடாது.

இரண்டாவது மறுப்புத்தான் என்னை உண்மையில் சுடுகிறது. ஏனெனில் எம்முடையவர் என்று நாம் உரிமை கொண்டாடுவோரையும் நாம் வாசிப்பதில்லை. பாணந்துறை ஹேனமுல்லையில் பிறந்த பேராசிரியர் ம.மு. உவைஸை எடுத்துக்கொள்வோம். 1996இல் வபாத்தானார். அவர் பெயரைச் சொல்லாத இஸ்லாமியத் தமிழிலக்கிய மாநாடு இல்லை. தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைப் பற்றிய அவரது ஆங்கில ஆய்வை 1953இல் வெளியிட்டது கண்டிக்கு அருகே கல்ஹின்னைக் கிராமத்தின் தமிழ் மன்றம். ஒரு கிராமம் ஓர் ஆய்வேட்டை நூலாக்கியது! பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியத்துக்கான பேராசிரியராக அமர்ந்து, பீ.மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழிலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். கிஸ்ஸா, மஸ்அலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் என்று தமிழுக்குள் நாம் கொண்டுவந்த இலக்கிய வகைகளை வகைப்படுத்திக் காட்டினார்.

எங்கள் வலயத்துப் போட்டியொன்றுக்காக ஒன்பதாந்தர மாணவி ஒருத்தியை உவைஸைப் பற்றிப் பேசத் தயார்படுத்தினேன். மலர்களிலிருந்து கிடைத்த மூன்று கட்டுரைகளை அவளிடம் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவள் வந்து கேட்டாள்: "சேர், இவர் பெரிய ஆள்னு மூனுலயும் இருக்கு. இவர் எழுதின ஒரு வரி சரி இதுல இல்லையே?" மூன்று கட்டுரையையும் மீண்டும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. உவைஸ் என்ன வாதிட்டார், எந்தச் சுவடியை எங்கே கண்டார், எவருடன் முரண்பட்டார் என்பதற்கு அம்மூன்றிலும் ஒரு வாக்கியம் கிடையாது. பட்டங்கள் மாத்திரம் மூன்றிலும் பிழையில்லாமல் இருந்தன.

அந்தப் பிள்ளை பேசத் தயாராகிக்கொண்டிருந்த ஊர் மாவனல்லை. 2001 மே மாத வன்செயலில் கடைகளும் பள்ளிவாசலும் எரிந்ததைப் பார்த்த ஊர். சிங்கள அயலவருடன் முகம் பார்த்துப் பேசாமல் எமக்கு ஒருநாளும் கழியாது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழுக்குத் தந்தவர் உவைஸ். சிங்களக் கிராமத்தின் உள்வீட்டைத் தமிழ் வாசகனுக்குத் திறந்து காட்டிய முஸ்லிம் பேராசிரியர் ஒருவர் இருந்தார் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தியா இல்லையா? மூன்று கட்டுரையில் ஒன்று மட்டும் அந்த நூலின் பெயரைச் சொல்லியிருந்தது. அதுவும் 'மொழிபெயர்ப்புத் துறையிலும் தடம் பதித்தார்' என்ற வாக்கியத்தின் வாலாக.

ஆகவே பிறத்தியாரை மறந்ததும் எம்மவரை மறந்ததும் இரண்டு நோயல்ல. ஸ்மித்தை வாசிக்காத சமூகம் உவைஸையும் வாசிக்கவில்லை. முன்னவரை 'நம்மவரல்லர்' என்று ஒதுக்கினோம். பின்னவரை 'நம்மவர்' என்று புகழ்ந்து மூடிவைத்தோம். இரு வழியிலும் நூல் அலமாரியில்தான் கிடக்கிறது.

நூல் கிடைப்பதில்லை என்ற சாட்டும் இனிச் செல்லாது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் வருடப்பட்டுக் கிடக்கின்றன. கையிலுள்ள தொலைபேசியிலேயே திறக்கலாம். எவரோ முகம் தெரியாத தொண்டர்கள் பக்கம் பக்கமாக வருடி ஏற்றியதைத் திறந்து பார்க்கும் சிரமம் ஒன்றுதான் எமக்கு மிச்சம்.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான்கு காரியம் சொல்கிறேன். இவ்விதழ் உட்பட எந்தச் சிற்றேடும் இவற்றைச் செய்யலாம்.

ஒன்று, நினைவுக் கட்டுரை எழுதுபவர் மறைந்தவரின் நூலொன்றையாவது முழுமையாக வாசித்திருக்க வேண்டும். வாசிக்காதவரின் கட்டுரையைத் தொகுப்பாளர் திருப்பி அனுப்ப வேண்டும். தேநீர்க் கதைகளைத் தேநீர்க் கடையில் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு, ஒவ்வொரு நினைவுக் கட்டுரையின் கீழும் அவரது நூல்களும் கட்டுரைகளும் ஆண்டு விபரத்துடன் பட்டியலாக வர வேண்டும். இப்னு கல்லிகான் ஏழு நூற்றாண்டுக்கு முன்னர், மின்சாரமும் அச்சும் இல்லாமல் திகதிகளைத் தேடினார். எமது மலர்களில் மறைந்தவர் பிறந்த ஆண்டுகூடச் சிலவேளை ஒரு பக்கத்தில் ஒன்றாகவும் மறுபக்கத்தில் வேறொன்றாகவும் இருக்கிறது.

மூன்று, அவரது எழுத்திலிருந்து ஓர் அத்தியாயம் அல்லது ஒரு கட்டுரை உரிய அனுமதியுடன் மறுபிரசுரமாகவோ மொழிபெயர்ப்பாகவோ அதே இதழில் இடம்பெற வேண்டும். இடமில்லை என்றால் வாழ்த்துச் செய்திகளை நீக்கினால் இடம் வரும். பொன்னாடைக்குச் செலவிடும் பணத்தில் அந்த நூலின் சில பிரதிகளை வாங்கிக் கிராமப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது.

நான்கு, அவரோடு முரண்படும் ஒரு கட்டுரையும் வேண்டும். 'இறந்தவரைப் பற்றி நல்லதையே பேசுங்கள்' என்பதைக் காட்டி அறிவு விசாரணையை நிறுத்தக் கூடாது. ஒருவரின் அந்தரங்கத்தைத் தோண்டுவது வேறு. அவர் அச்சிட்டு எம் கையில் தந்த கருத்தை உரைத்துப் பார்ப்பது வேறு. எமது ஹதீஸ் அறிஞர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தார்கள்.

பல்கலைக்கழகங்களில் இருக்கும் எம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஆசான்களைப் பற்றி நீங்கள் எழுதும்போது அவர் உங்களுக்கு எவ்வளவு அன்பு காட்டினார் என்பதைச் சற்றுக் குறைத்து, அவரிடம் என்ன கற்றீர்கள் என்பதைச் சற்றுக் கூட்டி எழுதுங்கள். அவரது அன்பு உங்களோடு முடிந்துவிடும். அவர் கற்பித்தது எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

எங்கள் பாடசாலையின் இலக்கிய மன்றத்தில் இந்தத் தவணையிலிருந்து ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். மறைந்த அறிஞர் ஒருவரைப் பற்றிப் பேச வரும் மாணவர், அவர் எழுதியதில் ஒரு பக்கத்தைச் சபையில் வாசித்த பின்னரே தன் பேச்சைத் தொடங்கலாம். முதல் கிழமை 'கிராமப் பிறழ்வு' வாசிக்கப்பட்டது. வாசித்து முடிந்ததும் பிள்ளைகள் அந்த நூலைக் கேட்டு வரிசையில் நின்றார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிரதி.